சுவாதீனம்

"நீ என்னன்னு படிச்சுக் காட்டினே? அதைச் சொல்லு நிசார்!"

"எழுதியிருந்ததைத்தான் படிச்சேன் ஆபா. நீயும் கேட்டுட்டுத்தானே கையெழுத்து—"

"சுவாதீனம் இல்லைன்னு படிச்சே!"

"ஆமா, அதான் எழுதியிருக்கு!"

தம்பியைப் பேசி முடிக்க பில்கிஸ் விடவில்லை. அவளுக்கு உருது எழுதப் படிக்க வரும், தமிழ் எழுத்து தெரியாது. அதற்காகச் சுவாதீனம் என்ற வார்த்தையுமா தெரியாது? துத்திப்பட்டு நிலம் வாங்கியபோது அவளைப் பெற்ற பாவா பத்திரத்தை வீட்டில் வாசிக்கச் சொன்னாரே. 'இன்று முதல் தங்கள் சுவாதீனத்தில் விட்டோம்' என்று காதாரக் கேட்டவள். தோல் கிடங்கு இனி பாவா கையில் இல்லை, நிசார் பார்த்துக்கொள்வான், அவ்வளவுதானே என்று அவன் படித்துக் காட்டிய மனுவில் உருதுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நேற்று கோர்ட்டுச் சேவகன் வந்தான். கதவில் நோட்டீசை ஒட்டி, தெருவுக்கே கேட்கப் படித்துவிட்டுப் போனான். தோல் அலசுகிற செண்பகம் ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"இன்னாம்மா, பெரிய சாயபுக்குப் பைத்தியமாமே?"

அப்போதுதான் பில்கிசுக்கு விளங்கியது.

"சித்த சுவாதீனம்னா புத்தி, ஆபா. வக்கீலுங்க வார்த்தை. பாவாவுக்குப் புத்தி சரியில்லைன்னு ஜட்ஜு சொன்னாத்தான் கிடங்குக்கு என் கையெழுத்து செல்லும்."

"பெத்தவருக்கு ஊரறியப் பைத்தியப் பட்டம் கட்டித்தான் உன் கையெழுத்து செல்லணுமா?"

"பின்னே? எவன் காகிதம் நீட்டினாலும் போட்டுத் தர்றாரே! போன மாசம் கிணத்தை எவனுக்கோ எழுதிக் கொடுத்தாச்சு. தோலை எதுல ஊறப் போடறது? எச்சில்லயா?"

"பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில கொண்டுபோய் அடைச்சுட்டா?"

"மாட்டாங்கன்னு கோதண்டராமன் வக்கீல் சத்தியம் பண்றார்."

"அவர் அப்பாவா போறாரு? பண்ணுவார், பண்ணுவார்."

வாசலில் ஜட்கா நின்றது. வேலூருக்கு ரயில் பிடிக்க வேண்டும். இன்று ஜட்ஜு பாவாவை நேரில் பார்த்துக் கேள்வி கேட்பார். பிறகு பில்கிசை, கோஷாப் பெண் என்பதால், திரைக்குப் பின்னால் உட்காரவைத்துக் கேட்பார். மூத்த மகளே 'நல்லாத்தான் இருக்கார்' என்றால் மனு தள்ளுபடி. கிணறு போன வழியே கிடங்கும் போகும்.

உள்ளே அப்துல் சமத் சாயபு ஷெர்வானியும் துருக்கித் தொப்பியுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பைஜாமா நனைந்து தரையெல்லாம் ஈரம். காலையிலிருந்து இது இரண்டாவது தடவை. பில்கிஸ் மண்டிபோட்டுத் துடைத்தாள்.

"வேற பைஜாமா மாத்திவிடு நிசார். நான் புர்கா போட்டுட்டு வர்றேன்."

"ஜட்ஜு கேட்டா இன்னா சொல்லுவே ஆபா?"

"நீ படிச்சதையே சொல்றேன். போ."

சாயபு இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பல நாளைக்குப் பிறகு குரல் தெளிவாக வந்தது.

"யாரையோ பைத்தியம்னு கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாமே பில்கிஸ். வேணாம்னு சொல்ல அந்த வீட்ல பெரியவங்க யாரும் இல்லியாம்மா?"