தையல்காரி விட்டுப்போன வலி

தையல்காரி இறந்த மூன்றாம் நாள், அவளுடைய வயிற்று வலி டாக்டரின் அறையில், நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் இருப்பது தெரியவந்தது. அக்காவின் ஃபைலை வாங்கப் போன தங்கைதான் முதலில் உட்கார்ந்தாள். அடிவயிற்றில், வலப்பக்கம், யாரோ கத்தரிக்கோலை உள்ளே வைத்துத் திறந்ததுபோல இருந்தது. எழுந்தாள், போய்விட்டது. உட்கார்ந்தாள், வந்தது. அக்கா மூன்று வருடமாக இதே வார்த்தைகளில்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர். இருபத்தாறு வருடமாக அந்தத் தெருவின் காய்ச்சலும் சர்க்கரையும் அவர் பொறுப்பு. கொட்டும் மழையிலும் வீட்டுக்கு வந்து பார்ப்பார். தையல்காரி அவரிடம் முப்பத்தோரு தடவை போனாள். அவள் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்குமுன் அவர் மருந்துச் சீட்டை எழுதிக் கிழித்துக் கொடுத்துவிடுவார். "ஒண்ணும் இல்லம்மா, வாயு. மனசப் போட்டுக் குழப்பிக்காத." வேறு டாக்டரிடம் போகலாம் என்று தங்கை சொன்னால், "அவருக்குத் தெரியாததா?" என்பாள். பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியைக் கண்டுபிடித்தபோது அது குடல்வரை பரவியிருந்தது.

டாக்டர் நாற்காலியை மாற்றினார். வலி புது நாற்காலிக்கு வந்தது. பெஞ்சு போட்டார், வலி பெஞ்சுக்கு வந்தது. பிறகு எல்லோரையும் நிற்கவைத்தே பார்த்தார். முட்டி தேய்ந்தவர்கள்கூட முணுமுணுக்காமல் நின்றார்கள். தங்கைக்கு அதைப் பார்த்துத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்ல மனுஷன்மா, அவர் மேல பழி போடாத" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"நல்ல மனுஷன்தாண்ணே. கெட்டவரா இருந்திருந்தா அக்கா வேற டாக்டர்கிட்ட போயிருப்பா."

தங்கை, தான் வேலை பார்க்கும் கூரியர் ஆபீஸுக்குப் போகும் வழியில் தினமும் டோக்கன் வாங்கி, தன் முறை வந்ததும் ஒரு பழைய நாற்காலியை இழுத்துப்போட்டு, "நீங்க உட்காருங்க டாக்டர்" என்பாள். அவர் அடுத்தவரைக் கூப்பிடுவார். பதினான்கு மாதம் இப்படியே போனது. ஒருநாள் கம்பவுண்டர் அவளுக்கு டோக்கன் இல்லையென்றார். வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் டோக்கனை அவளிடம் நீட்டினார்கள். வாயு என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவர்களிலும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

அன்று அடுத்து எந்த டோக்கனைக் கூப்பிட்டாலும் அவளே வந்து நின்றாள். டாக்டர் உட்கார்ந்தார். முகம் வெளுத்து எழப்போனார்.

"இருங்க. அக்காவால இப்படி எழுந்து போக முடியல."

அவர் தன் வயிற்றைத் தானே அழுத்திப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது. கடைசியில், "இது வாயு இல்ல. உடனே ஸ்கேன் எடுக்கணும்" என்றார்.

தங்கை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நீங்க உட்கார்ந்து நாப்பது நிமிஷம். மூணு வருஷத்துல அவளுக்குக் கொடுக்க உங்ககிட்ட நாப்பது நிமிஷம் இல்ல."

"மன்னிச்சிடும்மா" என்றார். அவள் முதல் நாள் வாங்காமல் போன அக்காவின் ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

அதன்பின் வலி வேறு இருக்கைக்குப் போகவில்லை. டாக்டர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தே நோயாளிகளைப் பார்க்கிறார். தன் மெத்தை நாற்காலியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். பெண்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார். நடுவில் அவர் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தால், சற்றுப் பொறுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். இதுவரை ஏழு பேரை நேரத்தில் ஸ்கேனுக்கு அனுப்பியிருக்கிறார். டாக்டர் எவ்வளவோ மாறிவிட்டார் என்று யாராவது சொன்னால், தங்கை, "அவர் மாற எங்கக்கா சாகணுமா?" என்கிறாள். தலைவலிக்குக்கூட இரண்டு பஸ் மாறி வேறு டாக்டரிடம் போகிறாள். நாற்காலியின் கால்கள் ஆடத் தொடங்கினால் தச்சர் வந்து முடுக்கிவிட்டுப் போகிறார். உட்கார்ந்து பார்க்கும்படி அவரிடம் யாரும் சொல்வதில்லை.