சண்டைக்கு ஒரு மொழி

எங்கள் வீட்டில் சண்டைக்கு ஒரு மொழி, சமாதானத்துக்கு ஒரு மொழி. பஸ் ஓட்டும் அப்பாவும் துணி தைக்கும் அம்மாவும் முறைத்துக்கொண்டால் உடனே தமிழை விட்டு, நாங்கள் பிழைக்க வந்த ஊரில் தெருவில் பேசும் வேற்று மொழிக்குத் தாவிவிடுவார்கள். அது அம்மா போட்ட சட்டம். "தமிழ்ல திட்டினா மனசுலயே தங்கிடும். அதுல திட்டினா வாசலோட போயிடும்" என்பாள். கடைசியில் அவள் தமிழில் "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால் சண்டை முடிந்தது.

நான் நாவல் எழுதுகிறவள். நன்றாகவே எழுதுகிறவள், தன்னடக்கம் எனக்கு ஒத்துவராது. ஆனால் புது நாவலில் கணவனும் மனைவியும் பிரிகிற அத்தியாயத்தை எடிட்டர் திருப்பி அனுப்பிவிட்டார். "ரெண்டு பேரும் மேடை நாடகம் மாதிரி கத்துறாங்க. இது சரியாகலன்னா புத்தகமே நிக்காது" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எழுதி எழுதிக் கிழித்த பிறகுதான் உறைத்தது: புருஷன் பெண்டாட்டி தமிழில் சண்டை போட்டு நான் கேட்டதே இல்லை.

நேரே அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா ஒரு பேன்ட்டுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். அப்பா தன் யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்காக ஒரு தடவ தமிழ்ல சண்ட போடுங்க" என்றேன்.

அப்பா சிரித்தார். "எதப் பத்தி?"

"நீங்க சட்டையக் கருக்குறதப் பத்தி" என்றாள் அம்மா.

"நீ வெச்ச பட்டன்தான் உருகுது."

"ரொம்ப லட்சணமான சண்ட" என்றேன்.

அம்மா மெஷினை நிறுத்தினாள். குரலை உயர்த்தவே இல்லை. "கடை வெக்கணும்னு எவ்ளோ ஆசையா இருந்தேன். வேணாம்னு சொன்னீங்க. ஏன்னு இன்னிவரைக்கும் சொல்லல."

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். வழக்கமான சண்டை மொழியாக இருந்தால் சத்தம் போட்டே தப்பித்திருப்பார்.

"நீ என்னைவிடப் பெரிய ஆளா ஆயிடுவியோன்னு பயம்" என்றார்.

எனக்கு, ஏன் கேட்டோம் என்றிருந்தது. அப்பா சமையலறைக்குப் போய்த் தட்டுகளை எடுத்து வைத்தார். "சாப்பிட வா" என்று முதல் தடவையாக அவர் கூப்பிட்டார்.

அம்மா அசையவில்லை. "கடைக்கு எடம் பாக்க எப்பப் போலாம்? அதச் சொல்லுங்க, வரேன்."

"நாளைக்கு."

அவள் எழுந்து போனாள்.

அந்த அத்தியாயத்தில் இப்போது யாரும் கத்துவதில்லை. என் ஆட்களுக்குத் தமிழில் கத்த வராது. அவர்களுக்கு உண்மை மட்டும்தான் வரும். "ஒரு வரியக்கூடத் தொடாதீங்க" என்றார் எடிட்டர். தொடுவதாக இல்லை. என் நாவலிலும் மனைவி, ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று அதே கேள்வியைக் கேட்கிறாள். அவன் பேசாமல் இருந்துவிடுகிறான். அதனால்தான் அவள் போய்விடுகிறாள்.