பதினான்காம் கேள்வி

செண்பகம் நகருக்குள் தண்ணீர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு. புயல் கரையைக் கடந்தது எங்கோ நாகப்பட்டினத்துக்குத் தெற்கே. நமக்கென்ன வந்துவிடப்போகிறது என்று பக்கத்து எடமலைப்பட்டி புதூரில் கடைகளெல்லாம் திறந்துதான் இருந்தன. ஆனால் மணப்பாறைப் பக்கம் இரண்டு நாளாகக் கொட்டிய மழை முழுவதும் கோரையாற்றில் இறங்கி, நகருக்குப் பின்னால் இருந்த கரையை ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தது.

பிரான்சி அன்று விடுப்பில் இருந்தாள். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. வாசலில் சலசலப்புக் கேட்டுத் திரும்பியபோது பாத்திரம் துலக்கும் வாளி தானாக நகர்ந்து கொல்லைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அஃபீஃபா மொட்டைமாடியிலிருந்து, அக்கா, எல்லாத்தையும் போட்டுட்டு மேல வாங்க என்று கூப்பிட்டாள். பிரான்சி பத்திரங்கள் இருந்த பையை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் தெருவைக் கடந்தாள். அஃபீஃபாவும் அவளுடைய இரண்டு பெண்குழந்தைகளும் பிரான்சியும் வியாழக்கிழமை மதியம் வரை அந்த மாடியில் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் இருந்தார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் பிரான்சியின் வீட்டுப் பின்சுவர் படுத்துக்கிடந்தது. கணவர் அமிர்தராஜ் உயிரோடு இருந்தபோது கட்டிய வீடு அது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர், பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். அந்த வேலை பிரான்சிக்குக் கிடைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ரயில் பெட்டிகளின் சக்கரங்களை அளந்து தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. ஒரே மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருந்தாள். இடத்தை விற்றுவிட்டு வந்து எங்களோடு இரு என்று மகள் சொன்னதற்கு, என் வீட்டை விட்டு ஆறு போகட்டும், நான் போகமாட்டேன் என்று பிரான்சி பதில் சொன்னாள்.

முதலில் அவள் செய்தது, உடைந்த கரையை உயர்த்திக் கட்டச் சொல்லி மனு கொண்டுபோனதுதான். கட்டட அனுமதி கொடுக்கும் அதே அலுவலகத்தில் யமுனா என்ற உதவிப் பொறியாளர் மனுவை வாங்கிப் படித்தார். ஐம்பது வயதிருக்கும். கறாரான முகம். கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, திரையைப் பிரான்சி பக்கம் திருப்பினார்.

“உங்க நகர்லேர்ந்து இதுவரைக்கும் நாப்பத்தோரு பிளான் வந்திருக்கு. விண்ணப்பத்துல பதினாலாவது கேள்வி, மனை வெள்ளம் வரும் இடமான்னு. நாப்பத்தோரு பேரும் இல்லைன்னுதான் எழுதியிருக்கீங்க. வெள்ளமே வராத இடத்துக்குக் கரை வேணும்னு நான் எதை வச்சுங்க சிபாரிசு பண்றது?”

பிரான்சி அந்தத் திரையைக் கீழே வரைக்கும் பார்த்தாள். இல்லை, இல்லை, இல்லை என்று வரிசையாக இறங்கியது. அதில் ஒன்று அமிர்தராஜ் போட்டது.

வீடு கட்டியே ஆகவேண்டியிருந்தது. நகரில் எல்லோருக்கும் பிளான் போட்டுக்கொடுக்கும் செந்தமிழனிடம்தான் அவளும் போனாள். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் அவனுடைய அறை. ஆறடி உயரத்துக்குத் தூண்கள், அதற்கு மேலே வீடு, கீழே காலியாக விட்டுவிட வேண்டும், தண்ணீர் வந்தால் வந்த வழியே போகட்டும் என்று அவள் சொன்னாள். இரண்டு நாளில் அவன் அழகாக வரைந்து வைத்திருந்தான். தூண்களுக்கு நடுவே ஒரு சின்னக் கார் நின்றது.

கார் ஏது என்று பிரான்சி கேட்டாள். கீழே சும்மா விட்டால் ஏன் எதற்கு என்று கேட்பார்கள், கார் நிறுத்துமிடம் என்று காட்டிவிட்டால் கேட்கமாட்டார்கள் என்றான் செந்தமிழன். அடுத்த தாளில் பதினான்காம் கேள்விக்கு அவனே ‘இல்லை’ என்று எழுதிவைத்திருந்தான். பிரான்சி தாளைத் திருப்பி அவன் பக்கமே தள்ளினாள்.

“தண்ணி வந்துச்சுங்க தம்பி. கழுத்து முட்டும் வந்துச்சு. ஆமான்னு எழுதுங்க.”

அவன் சிரித்தான். பிறகு அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு விளக்கினான். ஆம் என்று எழுதினால் கோப்பு ஆற்றுத் துறைக்குப் போகும், அங்கிருந்து திரும்பி வர மாசக்கணக்கில் ஆகும், வருமா என்பதே சந்தேகம். இல்லை என்று எழுதினால் மூன்று வாரம். வீடு என்னவோ அதே வீடுதான். இதில் அவளுக்கு என்ன நஷ்டம்?

“நீங்க சொல்றது சரிதான், எனக்கு நஷ்டம் இல்ல. ஆனா நான் தினம் சக்கரத்தை அளந்து எழுதறவ. வேலை சுளுவா முடியுதுன்னு ஒரு மில்லிமீட்டரை மாத்தி எழுதினா, எங்கயோ ஒரு பெட்டி கவுந்துடும். எங்க நகர்ல நாப்பத்தோரு பேரு மாத்தி எழுதினதுலதான் கரை அப்படியே கெடந்துச்சு.”

செந்தமிழனுக்கு முகம் மாறியது. அந்த நாற்பத்தொன்றில் முப்பதுக்கு மேல் அவன் போட்டவை. இப்போது ஒன்றில் மட்டும் ஆம் என்று கையெழுத்திட்டால் மற்றதெல்லாம் என்னவென்று கேள்வி வரும், என்னால் முடியாதுங்க என்று நேராகவே சொல்லிவிட்டான். பிரான்சி வரைபடத்துக்கு உரியதைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை பார்ப்பவர் சொல்லி, ஸ்ரீரங்கத்தில் ரஞ்சனி என்ற இன்ஜினியரைப் போய்ப் பார்த்தாள். மருந்துக்கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. ரஞ்சனிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவள் பேனாவை எடுத்தாள்.

“எங்க வீடு கொள்ளிடக்கரைப் பக்கம்தாங்க. முக்கொம்புல தண்ணி தொறந்துட்டாங்கன்னா தெருவே நின்னு எத்தனை அடி வருதுன்னு பேசும். பிளான் போடறப்ப மட்டும் எல்லாருக்கும் மறந்துபோயிடும். காரை எடுத்துடறேன். அந்த இடத்துல ‘வெள்ளநீர் செல்லும் வழி’ன்னே எழுதிடலாமா?”

எழுதுங்க என்றாள் பிரான்சி. பதினான்காம் கேள்விக்கு ‘ஆம்’ என்று தன் கையாலேயே எழுதினாள்.

விண்ணப்பம் போன பத்தாம் நாள் நகர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. செந்தமிழன் பிச்சையிடம் சொல்லியிருந்தான். பிச்சை குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். சைக்கிள் கடை வைத்து முன்னுக்கு வந்தவர். அமிர்தராஜின் சவப்பெட்டியைத் தூக்கிய நான்கு பேரில் ஒருவர். பிரான்சி அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவர் தன் வீட்டுக்குப் பக்கத்து மனையை விற்க அட்வான்ஸ் வாங்கியிருந்தார். மகள் கல்யாணம் அந்தப் பணத்தை நம்பித்தான் நிச்சயமாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்த பிரான்சியைச் சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். நகரின் பெயர் கெட்டுவிடும், மனை விலை பாதியாகிவிடும், பாங்க்கில் லோன் தரமாட்டார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒற்றைப் பொம்பளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்று ஒருவர் பின்னாலிருந்து சொன்னார். பிச்சை மட்டும் குரலை உயர்த்தவில்லை.

“தாயி, உனக்கு வீடுதானே வேணும். செந்தமிழன்கிட்ட நான் சொல்லி மூணு வாரத்துல வாங்கித் தரேன். அந்த விண்ணப்பத்தை மட்டும் வாபஸ் வாங்கிடு. என் மக கல்யாணம் இதுல இருக்கு.”

கல்யாணத்தைச் சொல்லாமல் அவர் திட்டியிருந்தால் பிரான்சிக்குப் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும். அவள் எழுந்து நின்றாள்.

“அண்ணே, அன்னிக்கு உங்க சம்சாரத்தைக் கதவுப் பலகைல உக்கார வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தீங்க. நான் மாடியிலேர்ந்து பாத்தேன். அது நடக்கலைன்னு என்னால எழுத முடியாது. வாபஸ் வாங்க மாட்டேன்.”

அதற்கப்புறம் அவளிடம் பேசுவதை நகர் நிறுத்திக்கொண்டது. தண்ணீர் லாரிக்காரர் அவள் வாசலைத் தாண்டிப் போய் நிறுத்த ஆரம்பித்தார். உடைந்த வீட்டின் முன்னறையில் தகரம் மறைத்துக் குடியிருந்த பிரான்சி குடத்தோடு நடந்துபோய்ப் பிடித்துவந்தாள். அஃபீஃபா மட்டும் பேசினாள், அதுவும் தன் வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில். பிரான்சி அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு நாளும் தலையைக் குனிந்துகொண்டு தெருவில் நடக்கவும் இல்லை.

அந்த நாட்களில்தான் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வெள்ளம் வடிந்த வாரம் நிவாரணம் கொடுக்க வீடுவீடாக வந்து கணக்கெடுத்தார்கள். எத்தனை அடி தண்ணீர் வந்தது என்று எழுதி ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அவளும் போட்டிருந்தாள். தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தப் பட்டியலைக் கேட்டு எழுதிப்போட்டாள். ஒன்றரை மாதத்தில் தபாலில் வந்தது. ஐம்பத்தெட்டு வீடு. மூன்றாவது பெயர் பிச்சை, நாலரை அடி.

அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இரண்டு நாள் டிபன் பாக்ஸ் பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள்.

சித்திரை வெயிலில் யமுனா இடத்தைப் பார்க்க வந்தார். கூட ஆற்றுத் துறையிலிருந்தும் ஒருவர். ஜீப் நின்றதும் தெருவே கூடிவிட்டது. யமுனா கேட்பதற்கு முன்பே நாலைந்து பேர் பேசினார்கள். இங்கே வெள்ளமெல்லாம் வராதுங்க, மழை பெய்தால் கொஞ்சம் தேங்கும், ஒரு மணி நேரத்தில் போய்விடும், இந்த அம்மா வீடு பழசு, அதனால் விழுந்தது. சுவர்களில் இருந்த தண்ணீர்க் கறையை எல்லோரும் பொங்கலுக்கே வெள்ளையடித்து மறைத்திருந்தார்கள். ஆற்றுத் துறைக்காரர் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, இதில் என்ன பார்க்க இருக்கிறது என்பதுபோல் யமுனாவைப் பார்த்தார்.

பிரான்சி பிச்சையைப் பார்த்தாள். அவர் வாயே திறக்கவில்லை, கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். நீங்களே சொல்லிவிடுங்கள் அண்ணே என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவள் பையிலிருந்து தாள்களை எடுத்து யமுனாவிடம் கொடுத்தாள்.

யமுனா நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார்.

“பிச்சைங்கிறது யாருங்க?”

பிச்சை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, நான்தாங்க என்றார்.

“நாலரை அடின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இது உங்க கையெழுத்துதானே? இது பொய்யா, இப்ப இவங்க சொல்றது பொய்யா?”

பதில் சொல்லப் பிச்சை வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து அஃபீஃபாவின் குரல் வந்தது. அவளுடைய வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“தண்ணி வந்துச்சுங்க மேடம். என் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு மூணு நாளு மாடியில கெடந்தோம். இந்த அக்கா எழுதினது உண்மை. நாங்க எழுதினதுதான் பொய்.”

வீட்டுக்காரர் அவளைத் தடுக்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். அதன்பிறகு பிச்சை மெதுவாக, வந்துச்சுங்க, நாலரை இல்ல, அஞ்சடி என்றார். சொல்லிவிட்டு நேரே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆற்றுத் துறைக்காரர் ஜீப்பிலிருந்து மட்டம் பார்க்கும் கருவியை இறக்கச் சொன்னார். அன்று சாயங்காலம் வரை கரையிலிருந்து தெருமுனை வரை அளந்தார்கள். செண்பகம் நகரில் ஆற்றுக்காரர்கள் அளவெடுத்தது அதுதான் முதல் தடவை.

அனுமதி ஆனி மாதம் வந்தது. தரைமட்டம் ஆறடிக்குக் குறையக் கூடாது, தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பக் கூடாது என்று அதிலேயே நிபந்தனை போட்டிருந்தார்கள். பிரான்சி அதைப் படித்துவிட்டு முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தாள்.

பிச்சையின் மனையை வாங்க வந்தவர் விலையை இறக்கிக் கேட்டார். பிச்சை மறுக்க, அவர் அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். கல்யாணம் தைக்குத் தள்ளிப்போனது. கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்த அன்று பிச்சை மனைக்கு வந்து, குழியின் விளிம்பில் நின்றார். வேலையாட்கள் கடப்பாரையை நிறுத்திவிட்டார்கள்.

“உன்னாலதான் போச்சு. சந்தோஷமா?”

“சந்தோஷம் இல்லண்ணே. கல்யாணத் தேதி தள்ளிப்போனது என்னாலதான், அதை நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா வாங்க வந்தவருக்கும் பிள்ளைங்க இருக்கு. அவரு குடிவந்து ரெண்டாம் வருஷம் கதவுப் பலகையைத் தேடிக்கிட்டு நின்னா, அன்னிக்கு நீங்களும் நானும் எப்படிண்ணே அவரு மூஞ்சில முழிக்கிறது?”

பிச்சை குழியை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். வேலையை நிறுத்தாதீங்க என்று பிரான்சி ஆட்களிடம் சொன்னாள். கடப்பாரைகள் மறுபடியும் குழிக்குள் இறங்கின.

தூண்கள் எழும்பின. தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். புதிதாக வந்தவர்கள், என்ன இது, இவ்வளவு ஒசரத்துல என்று கேட்டார்கள். இங்க வெள்ளம் வரும் என்று பிரான்சி தெருமுனை வரைக்கும் கேட்கும்படிப் பதில் சொன்னாள். எத்தனை பேர் கேட்டாலும் அதே பதில், அதே சத்தம். ஒரு வாரத்தில் தண்ணீர் லாரி மறுபடியும் அவள் வாசலில் நிற்க ஆரம்பித்தது. யார் சொன்னார்கள் என்று லாரிக்காரர் சொல்லவில்லை.

புரட்டாசியில் ரஞ்சனி போன் செய்தாள். செண்பகம் நகரிலிருந்து இரண்டு பேர் பிளானுக்கு வந்திருக்கிறார்களாம். இரண்டு பேரும் பதினான்காம் கேள்விக்கு ஆம் என்றே எழுதச் சொன்னார்களாம். ஒருவர் அஃபீஃபாவின் வீட்டுக்காரர். இன்னொருவர், தான் வந்ததைப் பிரான்சியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம்.

“பேரைச் சொல்லட்டுமாங்க?” என்றாள் ரஞ்சனி.

வேண்டாம், அவரா வந்து சொன்னா சொல்லட்டும் என்று பிரான்சி போனை வைத்தாள். முந்தின நாள்தான் மேல்தளத்துக்குக் காங்கிரீட் போட்டிருந்தார்கள். அவள் குழாயை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, காங்கிரீட் இறுகுவதற்காகப் பாத்தி கட்டியிருந்த தளம் முழுவதும் தண்ணீர் நிறைய விட்டாள்.