வாசனையில்லாத தணல்

1

இந்தக் கதையை எனக்கு அக்கா தொலைபேசியில் சொன்னாள், அழுகையை அடக்கிக்கொண்டு. அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் மனதில் முதல் வரியை எழுதிப் பார்த்துவிட்டேன். என்னை நினைத்தே எனக்குப் பயமாக இருந்தது.

அந்த முதல் வரி இது: 'புகை மண்டிக் கிடந்த அந்தக் கடையில், ஒரு மழை நாளில்...' அடித்துவிட்டேன். புகை மண்டவில்லை. பயமே அதுதான்.

2

அக்காவும் அத்தானும் ஹூக்கா கடை வைத்திருக்கிறார்கள், தண்ணீர்க் குடுவை வழியாகப் புகையிலைப் புகையைக் குழாயில் இழுக்கிற இடம். சந்துக்கோடியில் தாழ்ந்த கூரையுள்ள நீள அறை, சுவரோரம் மெத்தை இருக்கைகள். பின்னால் கரி மூட்டும் சின்ன அறை. அங்கே அத்தான் தணலைக் கனிய வைத்து இடுக்கியால் எடுத்துத் தருவார். அக்கா கொண்டுபோய்ப் புகையிலைக் கிண்ணத்தின்மேல் வைப்பாள்.

முன்பு வாங்கியது சீக்கிரம் பற்றுவதற்கு மருந்து கலந்த கரி. தீக்குச்சியைக் காட்டினால் போதும், பற்றிக்கொள்ளும். ஆனால் நாற்றம் குடலைப் பிடுங்கும். வந்தவர்கள் முகம் சுளித்ததால் அத்தான் இயற்கையான மரக்கரிக்கு மாறினார். பற்றத்தான் நேரமாகும். பற்றிவிட்டால் புகை கிடையாது, வாடை கிடையாது, நின்று எரியும். தாய்ப்பால் மாதிரி சுத்தம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

(இடையில் ஒரு குறிப்பு. எந்தக் கரி எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமோ மணமோ இல்லாத வாயு. மூடிய அறையில் ஆளைக் கொல்லும். கரி நாறியவரை ஜனங்கள் தாங்களாகவே ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். இது அத்தானுக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான்.)

3

முதல் வரைவில் அத்தானைப் பேராசைக்காரராக எழுதினேன். ஒட்டவில்லை. அன்று சாரலில் ஒரு பெண் நடுங்குகிறாளே என்றுதான் அவர் ஜன்னல்களைச் சாத்தினார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எழுத எளிதாக இருந்திருக்கும்.

மழை விடாததால் யாரும் கிளம்பவில்லை. தணல்மேல் தணல் போய்க்கொண்டிருந்தது. அக்காவுக்குத் தலை வலித்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள். மூலையில் இருந்த ஒரு பேருந்து ஓட்டுநர் எழுந்தார். கால் மடங்கி மறுபடி உட்கார்ந்தார். அவருடைய நண்பர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அப்போதுதான் அக்கா கவனித்தாள், கடையில் பேச்சுச் சத்தமே இல்லை. எல்லோரும் கண்ணைத் திறந்தபடி, சொல்ல வந்ததை மறந்தவர்கள்போல

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அக்காவும் இங்கேதான் நிறுத்தினாள்.)

கதவைத் திறந்துவிட்டாள். கண்ணாடி ஜன்னலை நாற்காலியால் உடைத்தாள். பின்னறைக்கு ஓடினாள். அத்தான் சுவரில் சாய்ந்து கிடந்தார், கையில் இடுக்கி. எதிரே தணல் செக்கச்செவேலென்று, பார்க்க அழகாக. அக்குளில் கைகொடுத்து அவரை மழைக்குள் இழுத்துப் போட்டாள்.

"என்னங்க, ஏதாவது பேசுங்க. என்னைத் திட்டவாவது செய்யுங்க" என்றாளாம்.

4

முடிவு ஒன்று: அத்தான் பிழைக்கவில்லை. எழுதியதும் கிழித்துப் போட்டேன்.

முடிவு இரண்டு: கடையை மூடிவிட்டு வேறு பிழைப்பு பார்த்தார்கள். படிக்க இதமாக இருக்கும். பொய்.

நடந்தது என்னவென்றால், எல்லோரும் பிழைத்தார்கள். அத்தானுக்கு மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் சொற்கள் நழுவுகின்றன. ஒருநாள் அக்காவைக் கூப்பிட வாயெடுத்தார். பெயர் வரவில்லை. சிரித்து மழுப்பினார். அக்கா அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பிறகு அத்தான் மறுபடி கடையைத் திறந்தார். கரியைக் குற்றம் சொன்னால் அவருக்குக் கோபம் வந்தது. மரம் என்ன செய்யும், அன்று மழை, அவ்வளவுதான் என்றார். அக்கா பட்டினி கிடந்து சாதித்தது ஒன்றுதான்: வாயு கூடினால் கத்துகிற அலாரம் ஒன்று சுவரில் ஏறியது.

5

மேலே உள்ளதை எழுதி முடித்தபோது அக்கா கூப்பிட்டாள். அங்கே மழையாம். கடை நிறைய ஆளாம். அலாரம் ஓயாமல் கத்துகிறது, வந்தவர்கள் எரிச்சல்படுகிறார்கள் என்று அத்தான் பேட்டரியைக் கழற்றிவிட்டாராம்.

"நீ முதல்ல வெளிய வாக்கா."

"அவர் உள்ள இருக்காரேடா."

"இழுத்துட்டு வா."

"வர மாட்டேங்கறார்." குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தல வலிக்கல தம்பி. வலிக்கலன்னுதான் நினைக்கிறேன்" என்றாள்.

அதோடு பேச்சு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, அவள் எடுக்கவில்லை. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டேன். நான் அங்கே போக ஒரு வண்டிக்கும் சொல்லியிருக்கிறேன், அது வரும்வரை, சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், இதைக் கிறுக்குகிறேன். இதோ தெருமுனையில் வண்டியின் விளக்கு தெரிகிறது.

முடிவை உங்களிடம் விட்டுப் போகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நான் போய்ச் சேரும்வரை எதையும் எழுதிவிடாதீர்கள்.