கடைசியாக மாற்றியவர்

அந்த அலுவலகத்தின் மென்பொருள் பதிவேட்டில் மூவாயிரத்துச் சொச்சம் நிரல்கள் இருந்தன. எது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. போன வருடம் மேலாளர் அவற்றை ஏழு அடுக்காகப் பிரிக்கும் திட்டத்தோடு வந்தார். 'செயலில் உள்ளவை' ஓர் அடுக்கு. 'செயலில் உள்ளதாகக் கருதப்படுபவை' இன்னொன்று. வித்தியாசம் கேட்டவருக்கு நாற்பது நிமிடம் விளக்கினார். அதற்குப் பிறகு யாரும் எதையும் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் ஏழடுக்கு.

பிரிக்கும் வேலை இந்த மாதம்தான் பதிவேட்டுக்காரியின் தலையில் விழுந்தது. அவள் அண்ணனும் அங்கே நிரல் எழுதியவன்தான். செத்து எட்டு மாதம் ஆகிறது.

ஏழாம் அடுக்கு 'கைவிடப்பட்டவை'. வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஐந்துக்கு அதிலுள்ளவை அழிக்கப்படும். திங்களன்று நூறு நிரல்களை அதில் தள்ளினாள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், பதினைந்து நிரல்கள் முதல் அடுக்கில் ஏறி உட்கார்ந்திருந்தன. 'கடைசியாக மாற்றியவர்' என்ற கட்டத்தில் அண்ணன் பெயர். நேரம் சரியாகப் பன்னிரண்டு.

மறுநாள் சாப்பிடப் போகவில்லை. திரை முன்னாலேயே இருந்தாள். பன்னிரண்டானதும், அன்று தள்ளியவற்றில் சில வரிகள் ஒவ்வொன்றாக மேலே நகர்ந்தன, யாரோ நின்று யோசித்து எடுத்து வைப்பதுபோல. புதன்கிழமையும் பட்டினிதான். பயம் போய், பன்னிரண்டு மணி எப்போது வரும் என்றிருந்தது.

வியாழனன்று விஷயம் பிடிபட்டது. ஏழடுக்குத் திட்டம் வந்தபோதே அண்ணன் எழுதி வைத்த குட்டி நிரல் ஒன்று. கைவிடப்பட்டதை வேறு ஏதாவது இன்னும் பயன்படுத்திக்கொண்டிருந்தால், மீட்டு மேலே ஏற்றிவிடும். விளக்கமாக ஒரே வரி: 'யாருக்காவது வேண்டியிருக்கும்.' அவன் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு ஏன் மூடப்படவில்லை? ஊழியர்களையும் வகை பிரித்தவர் ஏழடுக்குதான். செத்தவர்களுக்கு ஓர் அடுக்கு வைக்க மறந்துவிட்டார். அண்ணன் 'நீண்ட விடுப்பில்' இருந்தான்.

வெள்ளிக்கிழமை ஏழடுக்கு பேயறைந்த முகத்தோடு வந்தார்.

"உங்க அண்ணன் லீவ்ல இருந்துக்கிட்டே வேலை பாக்குறாராம்மா?"

"இருந்தப்ப பாத்ததைவிட ஒழுங்காப் பாக்குறான், சார்."

"விளையாடாத. அஞ்சு மணிக்கு அவர் கணக்கை மூடுறேன். அந்தப் புரோகிராமும் அதோட நின்னுடும். வேணும்னா வேற யாராவது பொறுப்பு ஏத்துக்கலாம்."

"நான் ஏத்துக்கிட்டா?"

"உன் பேர் விழும். அவர் பேர் இனி எங்கயும் வராது. நல்லதுதானே."

நாலே முக்கால் வரை அந்தக் குட்டி நிரலின் 'பொறுப்பாளர்' கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணன் பெயரை எழுத்து எழுத்தாக அழித்து, தன் பெயரை அடித்தாள்.

திங்களன்று மற்றவர்களோடு சாப்பாட்டு அறைக்குப் போனாள். இரண்டு கவளம் இறங்கியிருக்கும். பக்கத்து மேசைக்காரி வாசலில் வந்து நின்றாள்.

"ஏன்டி, இப்பத்தான் உன் பேர்ல பதினொண்ணு மாறிச்சு. நீ இங்க உக்காந்து தின்னுக்கிட்டிருக்க. அப்ப அங்க யாரு?"

கண்ணாடித் தடுப்பின் வழியே தன் காலி நாற்காலி தெரிந்தது.

"நான்தான்க்கா," என்றாள்.