கொசுவுக்கு ரத்தம் போதவில்லை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் இடது முழங்கையில் பிறந்தது. சர்க்கரைக்காக ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். ரத்தம் எடுத்த பெண்ணுக்கு வயிற்றில் ஏழு மாதம் இருக்கும். குத்தியதே தெரியவில்லை; அவள் நகங்கள்தான் தெரிந்தன. வெள்ளைத்தாள்போல் வெளுத்திருந்தன. கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். கோழைகளுக்கு இப்படியொரு வசதி.

2.

முதல் தொடக்கம்: 'விடியலின் செங்கதிர்கள் அவளது வெளிறிய கன்னங்களில்...'

சீ, அடித்துவிட்டேன்.

இரண்டாவது: பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் கொசு. (பெயர் என் கற்பனை. அவள் படித்தால் மன்னிக்கட்டும்.) இது நிற்கும்.

3.

மதியம் கூட்டம் ஓய்ந்ததும், கொசு தன் கையிலேயே குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தாள். ஹீமோகுளோபின் ஏழு. குறைந்தது பதினொன்று இருக்கவேண்டும். எந்திரத்துக்குக் கிறுக்கு என்று அதைக் கழுவிவிட்டு மறுபடி போட்டாள். ஏழு. குழாயிலிருந்த ரத்தத்தைச் சரியாகக் கலக்கவில்லையோ என்று கலக்கிப் போட்டாள். ஏழேதான். அன்று காலை அதே எந்திரம் நாற்பது பேருக்குச் சொன்னதையெல்லாம் மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டு அனுப்பியவள் இவள். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம்.

மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாள்கூட விடவில்லை. அப்படியும் ஏறவில்லையென்றால்? மிச்ச ரத்தத்தை அடுத்த எந்திரத்தில் போட்டாள். சிறுநீரகம் சரியில்லை என்றது. இதை மட்டும் அவள் மறுபடி போட்டுப் பார்க்கவில்லை.

(சிறுநீரக நோய் நாள்பட்டால், ரத்தம் ஊறச் சொல்லி உடம்புக்குப் போகும் கட்டளையே குறைந்துவிடுமாம்; மாத்திரை மட்டும் போதாதாம். மருத்துவ நண்பரிடம் கேட்டுக்கொண்டேன். யாருக்கு என்றார். கதைக்கு என்றேன். "அப்ப கதைய சீக்கிரம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார்.)

4.

இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம். தெரிந்தும் ஏன் வாய் திறக்கவில்லை?

பதினாலு வயதில் சிறுநீரகக் கோளாறில் முகமும் காலும் வீங்கி, ஒரு வருஷம் மருந்து சாப்பிட்டவள். பெண் பார்க்க வந்தபோது, அதெல்லாம் இப்போது எதற்கு என்று அம்மா அடக்கிவிட்டாள். இப்போது டாக்டரிடம் போகும்போதெல்லாம் பக்கத்து நாற்காலியில் மாமியார். பழைய வியாதி ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டால், இல்லை என்று தலையாட்டிவிட்டு வருகிறாள்.

மாமியாரைக் கொடுமைக்காரியாக்கினால் கதை சுலபம். எழுதிப் பார்த்தேன், வரவில்லை. போன வாரம் அவர் மருமகளின் வீங்கிய காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"மூணு மாசமா எதையோ சொல்ல வந்து சொல்ல வந்து நிறுத்துற. என்னன்னு சொல்லேன்."

"ஒண்ணுமில்லத்தே."

எனக்கே எழுந்து போய் ஒரு குட்டு வைக்கலாம்போல் இருந்தது.

5.

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறாள், எல்லாம் சுபம். நீங்கள் நம்பமாட்டீர்கள்.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. ஒருநாள் மாடிப்படியில்

இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன்.

மூன்றாவது உங்களுடையது. தினமும் மாலையில் கொசு எல்லாருடைய முடிவுச் சீட்டுகளையும் டாக்டர் மேசையில் வைப்பாள். இன்று அடியில் ஒரு சீட்டு, பெயர் எழுதாமல். தவறி வந்ததா, வேண்டுமென்றே வைத்தாளா, எனக்கும் தெரியாது. மேசைக்குப் பின்னால், டாக்டர் நாற்காலியில், உங்களை உட்கார வைத்திருக்கிறேன். பக்கத்தில் மாமியார் இல்லை. வைத்துவிட்டு உடனே போகிறவள், இன்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இது யாருடையது என்று கேட்டால் போதும்.

கேளுங்கள். நானும் செருப்பை மாட்டிக்கொள்கிறேன். என் சர்க்கரை முடிவு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.