‘போட்டாச்சு’ பட்டன்

என் வீட்டுக்காரருக்கு நான் வைத்த பெயர் கணக்குப்புலி. மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தும் ஆப் ஒன்றில் இருவருக்கும் வேலை. எண்களைப் பார்ப்பது அவர். ஆட்களை நேரில் போய்ப் பார்ப்பது நான். சண்டை மட்டும் பொது.

"மறந்தா பிள்ளைங்களுக்குத் தகவல் போற வசதி இருக்கே, அதை வச்சிருக்கிறவங்கதான் அதிகமா மறக்கறாங்க. தூக்கிடலாம்," என்றார்.

"ஏன்னு யாரையாவது கேட்டீங்களா?"

"டேட்டா பொய் சொல்லாதும்மா."

"சொல்லாது. காரணமும் சொல்லாது." பையை எடுத்துக்கொண்டு முதலில் மாமனார் வீட்டுக்கே போனேன். தனியாக இருப்பவர். எங்கள் ஆப்பில் மறப்பதற்கென்றே பெயர் வாங்கியவர்.

சாயங்காலம் அலாரம் அடித்தது. மனிதர் ஒழுங்காக எழுந்து மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தார். ‘போட்டாச்சு’ பட்டனை மட்டும் தொடவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அழுத்தலையா மாமா?"

"இரும்மா. அழுத்தலேன்னா உன் வீட்டுக்காரன் கூப்பிட்டுத் திட்டுவான். நான் அப்படியே மூட்டுவலி, மாடிக்குழாய் ஒழுகறதுன்னு பேச்சை இழுப்பேன்."

போன் அடித்தது. "இன்னைக்கும் மறந்துட்டீங்களாப்பா?" கிழவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வசதியைத் தூக்கினால் இந்தப் போனும் நின்றுவிடும்.

அந்த வாரம் இன்னும் பல வீடுகள் ஏறி இறங்கினேன். பாதி வீட்டில் இதே திருட்டுத்தனம்.

கணக்குப்புலியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தூக்க வேண்டாம். சோதிச்சுப் பாப்போம். பாதிப் பேருக்குப் பழையபடியே இருக்கட்டும். மீதிப் பேரு பட்டனை அழுத்தினா, ‘அப்பா மாத்திரை போட்டாச்சு, ஒரு வார்த்தை பேசுங்க’ன்னு பிள்ளைக்குத் தகவல் போகட்டும். எதுல அதிகமா அழுத்தறாங்கன்னு பாருங்க."

திரையில் பெயர்ப் பட்டியலை மேலும் கீழும் தள்ளினார். "அப்பா எந்தப் பாதி?"

"குலுக்கல்ல எது விழுதோ அது."

"அவரைச் சோதனையிலேருந்து எடுத்துடு," என்றார். "நானே கூப்பிட்டுக்கறேன்."

அன்று சாயங்காலம், அலாரத்துக்கு முன்பே அப்பாவை அழைத்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"இன்னும் மாத்திரை நேரமே ஆகலியேடா," என்றார் மாமா. குரல் பதறியது. "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

கணக்குப்புலி போனை என் பக்கம் நீட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான்தான் போனை வாங்கினேன்.

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம் மாமா. மாடிக்குழாய் இன்னும் ஒழுகுதான்னு கேக்கறார்."